கோர்லிட்ஸ் நகரின் மறுவாழ்வு

பூகோளம் கற்பித்து வந்த நாட்களில் நான் மாணவர்களிடம் தவறாமல் கேட்கும் வினா ஒன்று உண்டு. "இந்தியாவின் நேரத்தை வகுக்கும் தீர்க்கரேகை எது?" என்பேன். "82½ பாகை கிழக்கு, மீர்ஜாப்பூருக்கு அருகே செல்வது" என்று உடனே விடை வந்துவிடும். "அப்படியானால் ஜெர்மனியின் நேரத்தை வகுப்பது எது?" என்று அடுத்த வினாவைத் தொடுத்தால் வகுப்பு அமைதியாகிவிடும். 15 பாகை கிழக்குத் தீர்க்கரேகையே அது. பதினைந்து பாகைக்கு ஒரு மணி நேரம் ஆதலால், கிரீனிச்சைவிட அந்நாட்டுக் கடிகாரம் சரியாக ஒரு மணி நேரம் முந்தி ஓடுகிறது. அந்தக் கோடு செல்லும் ஊரின் பெயர் கோர்லிட்ஸ்.

பல ஆண்டுகள் அந்த ஊரை அக்கோட்டின் பொருட்டு மட்டுமே நான் அறிந்திருந்தேன். ஓய்வு பெற்ற பின் அதன் வரலாற்றைத் தேடிப் படித்தபோதுதான், கோட்டைவிடச் சிறந்த செய்தி ஒன்று அவ்வூரில் இருப்பது தெரிய வந்தது. இடித்துத் தள்ளக் காத்திருந்த பழைய வீடுகளைக் கொண்டே ஒரு நகரம் மீண்டும் எழ முயன்ற கதை அது. அக்கதையையே இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

1989-ஆம் ஆண்டிலிருந்து 1991 வரை ஐரோப்பாவின் கிழக்குப் பாதியில் பொதுவுடைமை ஆட்சிகள் ஒன்றன்பின் ஒன்றாக வீழ்ந்ததை வரலாற்றுப் பாடத்தில் படித்திருப்பீர்கள். ஆட்சி வீழ்ந்த கதையைப் பாடநூல் சொல்லும். ஆட்சி வீழ்ந்த மறுநாள் ஒரு சிறு நகரத்தின் கதி என்னவாயிற்று என்பதை அது பெரும்பாலும் சொல்வதில்லை. அரசாங்கத்தின் கட்டளைப்படி உற்பத்தி செய்து, அரசாங்கம் குறித்த சந்தைக்கு அனுப்பிவந்த ஆலைகள் போட்டிக்கு ஈடுகொடுக்க இயலாமல் மூடப்பட்டன. வேலை போயிற்று; வேலை தேடி இளைஞர் போயினர்; குழந்தைகள் குறைந்தபடியால் பள்ளிகளும் மூடப்பட்டன. இவ்வாறு வற்றிய நகரங்களின் கையில் எஞ்சியது என்ன? சிலவற்றில் ஒன்றுமில்லை. சிலவற்றில் மட்டும், எவரும் மதிக்காமல் விட்ட பழைய வீதிகளும் வீடுகளும் எஞ்சி நின்றன. வறுமையினால் இடிபடாமல் தப்பிய செல்வம் என்று அதைச் சொல்லலாம்.

கோர்லிட்ஸ் ஜெர்மனியின் கிழக்குக் கோடியில், நைசே என்னும் ஆற்றின் கரையில் உள்ளது. 1071-ஆம் ஆண்டின் சாசனம் ஒன்றில் அதன் பெயர் முதன்முதலாகக் காணப்படுகிறது. மேற்கையும் கிழக்கையும் இணைத்த 'அரசப் பெருவழி' அதன் வழியே சென்றது. துணி நெய்வோரும் விற்போரும் அங்கே செழித்தனர். நம் நாட்டு அவுரியைப் போல நீலச் சாயம் தரும் வோட் என்ற செடியின் வாணிகத்துக்கு அந்நகரம் சிறப்புரிமை பெற்றிருந்தது. (கடல் வழியே சென்ற நம் அவுரிதான் பிற்காலத்தில் ஐரோப்பிய வோட் வாணிகத்தை நலிவித்தது என்பதையும் இங்கே நினைவில் வைக்கலாம்.) அந்த வணிகர்கள் கட்டிய வீடுகளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். வீதியில் நின்று பார்த்தால் ஏனைய வீடுகளைப் போன்றே தோன்றும். வாயிலைக் கடந்து உள்ளே சென்றால், மாடிகளை ஊடுருவி உயர்ந்து நிற்கும் பெரும் கூடம் ஒன்று இருக்கும். வெளிச்சம் மேலிருந்து இறங்கும். அக்கூடத்தைச் சுற்றி மாடிப்படிகளும் நடைகளும் அமைந்திருக்கும். கீழே சரக்கு இறங்கும். அங்கேயே பேரம் நடக்கும். மேலே குடும்பம் வாழும். கடை, கிடங்கு, இல்லம் மூன்றும் ஒரே கூரையின் கீழ். 1525-இல் பெருந்தீ ஒன்று நகரின் பெரும்பகுதியை அழித்தது. மறு ஆண்டே வெண்டல் ராஸ்காப் என்னும் கட்டடக் கலைஞர் இத்தாலியிலிருந்து பரவி வந்த மறுமலர்ச்சிப் பாணியில் 'ஷேன்ஹோப்' என்ற மாளிகையை எழுப்பினார். ஜெர்மனியில் அப்பாணியில் அமைந்த குடியிருப்பு மாளிகைகளுள் மிகப் பழமையானவற்றில் ஒன்று அது.

அதன் பிறகும் ஒவ்வொரு தலைமுறையும் தன் அடையாளத்தை விட்டுச் சென்றது. 1815-இல் சாக்சனியிலிருந்து பிரஷ்யாவின் கைக்கு மாறியபின் நகரம் விரிந்தது. ரயில் பெட்டி செய்யும் தொழில் 1849-இல் தொடங்கிற்று. ஓய்வு பெற்ற அதிகாரிகள் அமைதி நாடி வந்து குடியேறியதனால் 'ஓய்வூதியக்காரர் பட்டணம்' என்று கேலியாகவும் அழைக்கப்பட்டது. நானும் அந்த வகுப்பைச் சேர்ந்தவனாதலால் இக்கேலியைச் சற்றுப் பொறுத்துக்கொள்கிறேன். ஆக, ஐந்து நூற்றாண்டுகளின் கட்டடக் கலைப் பாணிகள் ஒரே ஊரில், நடந்து பார்க்கும் தொலைவுக்குள் சேர்ந்தன. இன்று அங்கே சட்டப் பாதுகாப்புப் பெற்ற நினைவுச் சின்னங்கள் சுமார் 4,000 உள்ளன.

இரண்டாம் உலகப் போரில் டிரெஸ்டன் எரிந்தது, வார்சா தரைமட்டமாயிற்று. கோர்லிட்ஸ் பெரும் சேதமின்றித் தப்பியது. ஆனால் போர் முடியும் தறுவாயில், 1945 மே 7-ஆம் நாள், பின்வாங்கிய ஜெர்மன் படையினர் நைசே ஆற்றின் பாலங்களை வெடி வைத்துத் தகர்த்தனர். அதே ஆண்டில் வல்லரசுகளின் முடிவுப்படி அந்த ஆறே இரு நாட்டு எல்லையாயிற்று. மேற்குக் கரை ஜெர்மனியில் நின்றது. கிழக்குக் கரைப் புறநகர் போலந்துக்குப் போய், ஸ்கோஷெலெட்ஸ் என்ற தனி ஊராயிற்று. அங்கிருந்த ஜெர்மானியர் வெளியேற்றப்பட்டனர். அவர்கள் விட்டுச் சென்ற வீடுகளில், தங்கள் ஊர்களை இழந்து கிழக்கேயிருந்து வந்த போலந்து மக்கள் குடியேறினர். கிரீஸ் நாட்டு உள்நாட்டுப் போரில் அகதிகளானவர்களும் பல்லாயிரவராக அங்கே வந்து சேர்ந்தனர். செருப்புத் தைக்கும் தொழில் செய்துகொண்டே ஆழ்ந்த தத்துவ நூல்களை எழுதிய யாக்கோப் பேமே என்ற மெய்ஞ்ஞானி வாழ்ந்த வீடு கிழக்குக் கரையில் உள்ளது. அவருடைய கல்லறை மேற்குக் கரையில் உள்ளது. 1624-இல் மறைந்த அவருக்கு இப்போது இரண்டு நாடுகள்!

இனி, பொதுவுடைமை ஆட்சிக் காலத்துக்கு வருவோம். கிழக்கு ஜெர்மனியின் அரசாங்கம் பழைய வீடுகளை வெறுத்தது என்று சொல்லிவிடுவது எளிது. அது முழு உண்மையாகாது. எல்லார்க்கும் வீடு வேண்டும், அதுவும் மலிவான வாடகையில் வேண்டும் என்பது அவ்வரசாங்கத்தின் கொள்கை. கொள்கையில் குறை காண்பதற்கில்லை. ஆனால் பழைய வீடுகளின் வாடகை 1930-களின் அளவிலேயே நிறுத்தி வைக்கப்பட்டது. அந்த வாடகையைக் கொண்டு வீட்டுக்காரர் உடைந்த ஓட்டைக்கூட மாற்ற இயலவில்லை. கூரை ஒழுகிற்று, ஒழுகிய நீரில் உத்தரம் உளுத்தது, உத்தரம் உளுத்தபின் சுவர் சாய்ந்தது. ஒரு கட்டடம் பெரும்பாலும் இந்த வரிசையில்தான் சாகிறது. மறுபுறம், தொழிற்சாலையில் வார்த்த கான்கிரீட் பலகைகளைக் கொண்டு ஊருக்கு வெளியே புதிய குடியிருப்புகள் எழுந்தன. அங்கே வெந்நீரும் குளியலறையும் இருந்தன. நிலக்கரி அடுப்பும் பொதுக் கழிப்பிடமும் கொண்ட பழைய வீட்டை விட்டு மக்கள் மகிழ்ச்சியோடு புறப்பட்டனர்; அவர்களைக் குற்றம் சொல்ல முடியுமா? நகரின் நடுப்பகுதி இருண்டது. 1980-களின் இறுதியில் பழைய நகரின் சில பகுதிகளை இடித்துவிடும் ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. வெடி மருந்து வைப்பதற்கான துளைகள் சில வீடுகளில் இடப்பட்டுவிட்டன என்றே அவ்வூரார் கூறுவர். 1989 நவம்பர் 9-ஆம் நாள் பெர்லின் மதில் திறந்தது. இடிக்கும் வேலை நின்றது.

ஆட்சி மாறியதனால் வீடுகள் தாமாக நிமிர்ந்துவிடவில்லை. முதலில், வீடு யாருடையது என்ற வழக்கு எழுந்தது. அரசுடைமையாக்கப்பட்ட சொத்துகளைப் பழைய உரிமையாளர்க்குத் திருப்பித் தர வேண்டும் என்பது ஒன்றுபட்ட ஜெர்மனியின் சட்டம். உரிமை கோருவோர் பல ஊர்களில், பல நாடுகளில் சிதறிக் கிடந்தனர். வழக்குத் தீரும் வரை பழுது பார்க்க எவரும் முன்வரவில்லை. அதற்குள் மேலும் பல மழைக்காலங்கள் கடந்தன. எனினும் மூன்று துணைகள் வாய்த்தன. 1991-இல் கிழக்குப் பகுதி நகரங்களின் தொன்மை காக்கத் தனித் திட்டம் வகுத்து, மத்திய அரசும் மாநில அரசும் நகரசபையும் செலவைப் பங்கிட்டுக்கொண்டன. பழைய வீட்டைப் பழுது பார்ப்போர்க்கு வருமான வரியில் பெரும் சலுகை அளிக்கப்பட்டதால், மேற்கு ஜெர்மனியின் வசதி படைத்தோர் பணத்தைக் கொண்டுவந்து முடக்கினர். மூன்றாவது துணைதான் வியப்புக்குரியது.

1995-ஆம் ஆண்டு நகரசபைக்கு ஒரு வழக்கறிஞர் மூலம் பத்து லட்சம் மார்க் நன்கொடை வந்தது. கொடுத்தவர் பெயர் தெரிவிக்கப்படவில்லை. பழைய நகரின் கட்டடங்களைச் சீர்ப்படுத்துவதற்கே அதைப் பயன்படுத்த வேண்டும். தாம் யார் என்று ஆராயக் கூடாது. ஆராய்ந்தால் கொடை நின்றுவிடும் என்ற நிபந்தனை மட்டும் இருந்தது. மறு ஆண்டும் அதே தொகை வந்தது. அதற்கு மறு ஆண்டும் வந்தது. மார்க் நாணயம் ஒழிந்து யூரோ வந்தபின் 5,11,500 யூரோவாக வந்தது. 2016 வரை ஆண்டு தவறாமல் வந்துகொண்டே இருந்தது. மொத்தம் ஒரு கோடி யூரோவைக் கடந்த அத்தொகையை ஓர் அறக்கட்டளை நிருவகித்து, நூற்றுக்கணக்கான கட்டடங்களுக்குச் சிறிது சிறிதாகப் பகிர்ந்தளித்தது. இங்கே ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். ஒரே மாளிகைக்கு எல்லாப் பணத்தையும் கொட்டவில்லை. ஒரு வீட்டுக்குக் கதவு, ஒரு வீட்டுக்குக் கூரை, ஒரு தேவாலயத்துக்குச் சிற்ப வேலை என்று உதவிற்று. வீட்டுக்காரர் தம் பங்கைப் போட்டால்தான் வேலை முடியும். எனவே ஒரு மார்க் கொடை பல மார்க் முதலீட்டை வெளியே இழுத்தது. தச்சர், கல் தச்சர், சுண்ணாம்புப் பூச்சு வல்லார் ஆகியோர்க்கு வேலை கிடைத்தது. ஆலை மூடிய ஊரில் அது சிறு நன்மையன்று.

வள்ளல் யார் என்று ஊரார் ஊகிக்காமல் இருந்திருப்பார்களா? ஊகித்திருப்பார்கள். ஆனால் இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஒரு நகரம் முழுவதும் நாவை அடக்கிக்கொண்டது என்பதும், தன்னைக் கட்டாயப்படுத்திய சட்டம் ஏதுமின்றி அதைச் செய்தது என்பதும் எனக்குப் பெரிதாகத் தோன்றுகின்றன.

இரு கரையையும் மீண்டும் இணைப்பது அடுத்த வேலையாயிற்று. 1950-இல் ஸ்கோஷெலெட்ஸ் நகரில்தான் கிழக்கு ஜெர்மனியும் போலந்தும் எல்லையை ஏற்று ஒப்பந்தம் செய்துகொண்டன. ஆயினும், பழைய நகரத்துப் பாலம் தகர்ந்து ஏறத்தாழ அறுபது ஆண்டு ஆகும் வரை மீண்டும் எழவில்லை. 1998-இல் இரு நகரசபைகளும் சேர்ந்து தம்மை ஒரே 'ஐரோப்பிய நகரம்' என்று அறிவித்தன. 2004-இல் பாலம் திறக்கப்பட்டது. 2007 டிசம்பரில் எல்லைச் சோதனைகளும் நீங்கின. அதற்கிடையே, 2010-ஆம் ஆண்டின் ஐரோப்பியக் கலாசாரத் தலைநகராகத் தம்மைத் தேர்ந்தெடுக்கும்படி இரு ஊர்களும் கூட்டாக விண்ணப்பித்தன. ஜெர்மனியின் இறுதிச் சுற்று வரை வந்து, 2006-இல் எஸ்ஸன் நகரிடம் தோற்றன. தோற்றாலும் விண்ணப்பம் வீணாகவில்லை என்பது என் கருத்து. ஒரு கரையினர் கட்டியது, மறு கரையினர் பெற்றது என்ற கசப்பை ஒதுக்கிவிட்டு, இது நம் இருவரின் பொறுப்பு என்று ஒரே தாளில் எழுத அவர்கள் கற்றது அப்போதுதான்.

மற்ற ஊர்களையும் ஓரிரு சொற்களில் காண்போம். ருமேனியாவின் சிபியு நகரைக் கட்டியவர்கள் ஜெர்மன் மொழி பேசிய சாக்சனியர். கூரையில் கண் போன்ற சாளரங்கள் அமைந்த வீடுகளால் புகழ் பெற்றது அது. 1989-க்குப் பின் சாக்சனியருள் பெரும்பாலோர் ஜெர்மனிக்குப் போய்விட்டனர். எஞ்சியிருந்த ருமேனியர்கள் அவர்கள் விட்ட வீதிகளைத் தமதாக ஏற்றுச் செப்பனிட்டு, 2007-இல் ஐரோப்பியக் கலாசாரத் தலைநகர் என்ற சிறப்பையும் பெற்றனர். அந்தச் சிறுபான்மையினரான கிளாஸ் யோஹானிஸ் என்பவரை 2000-இல் மேயராகவும் தேர்ந்தெடுத்தனர். பின்னர் அவர் நாட்டின் ஜனாதிபதியானார். போலந்தின் லோட்ஸ் நகரமோ பருத்தி ஆலை நகரம். 'போலந்தின் மான்செஸ்டர்' என்று பெயர் பெற்றது. சோவியத் சந்தை மறைந்ததும் அதன் ஆலைகள் சாய்ந்தன. பொஸ்னான்ஸ்கி என்ற ஆலை அதிபரின் சிவப்புச் செங்கல் ஆலை 2006 முதல் அங்காடிகளும் காட்சிச்சாலைகளும் நிறைந்த வளாகமாகத் திகழ்கிறது. நூல் நூற்ற கூடம் பின்னர் விடுதியாயிற்று. பார்க்க அழகுதான். ஆனால் அந்த ஆலையில் நூற்றவரின் பேரப் பிள்ளைகள் அந்த விடுதியில் ஒரு நாள் தங்க இயலுமா என்ற கேள்வியை அவ்வூரில் பலர் எழுப்பாமல் இல்லை.

அக்கேள்வியோடு கோர்லிட்ஸுக்கே திரும்புவோம். வீடுகள் பிழைத்தன, மக்கள்? 1990-இல் சுமார் 72,000 ஆக இருந்த மக்கள் தொகை அடுத்த இருபது ஆண்டுகளில் சுமார் 55,000 ஆகச் சுருங்கிற்று. வண்ணம் பூசிய வீதிகளில் நடந்தால் பல சாளரங்களில் திரைச்சீலை இராது. உள்ளே ஆள் இல்லை என்பது பொருள். நாடகம் தொடங்குமுன் எழுப்பிய அரங்கம் போல ஊர் நின்றது. அதையே திரைப்படக்காரர்கள் கண்டுகொண்டனர். எந்த நூற்றாண்டு வேண்டுமானாலும் இங்கே கிடைக்கும். போக்குவரத்தை நிறுத்தினாலும் முணுமுணுப்போர் குறைவு. 1913-இல் திறக்கப்பட்டு, பேரரசு, குடியரசு, நாஜி ஆட்சி, பொதுவுடைமை ஆட்சி அனைத்தையும் கண்டு, 2009-இல் மூடப்பட்ட பெரிய பல்பொருள் அங்காடி ஒன்று அங்கே உண்டு. கண்ணாடிக் கூரையும் வளைந்த படிக்கட்டுகளும் கொண்டது. 2013-இல் 'கிராண்ட் புடாபெஸ்ட் ஹோட்டல்' என்ற படத்துக்காக அது ஓட்டலாக வேடமிட்டது. அப்படம் நான்கு ஆஸ்கார் விருதுகளைப் பெற்றது. அவற்றுள் ஒன்று அரங்க அமைப்புக்குக் கிடைத்தது. படப்பிடிப்பினால் ஊருக்குப் பணம் வருகிறது, பயணிகளும் வருகின்றனர். ஆயினும் அங்காடியை அங்காடியாகவே மீண்டும் திறக்கும் முயற்சி ஆண்டுக்கணக்கில் இழுபட்டது. வேடம் எளிது, வாழ்வு அரிது.

நகரத்தார் இதை உணராமல் இல்லை. 2008 முதல் அவர்கள் ஒரு சோதனை நடத்தினர். வெளியூரார் வந்து, நகரின் நடுவிலுள்ள பழைய வீட்டில் வாடகையின்றிச் சில நாள் குடியிருந்து பார்க்கலாம். எது பிடித்தது, எது பிடிக்கவில்லை என்று ஆராய்ச்சியாளரிடம் சொல்ல வேண்டும். பிறகு அத்திட்டம் ஒரு மாதத் தங்கலாகவும் விரிந்தது. வந்து தங்கியவர்கள் வீடுகளைப் போற்றினர். குழந்தைகள் விளையாட இடம், வண்டி நிறுத்த இடம், மாடிப்படி ஏற இயலாத முதியோர்க்கு மின் தூக்கி, எல்லாவற்றுக்கும் மேலாக வேலை ஆகியவையே அவர்கள் மனத்தைத் தீர்மானிப்பவை. உயர்ந்த கூரையும் சித்திர வேலைப்பாடும் அவற்றுக்கு ஈடாகா. ஆகவே பழைய வீட்டின் முகப்பைத் தொடாமல் பின்புறத்து முற்றத்தைத் திறந்துவிடுதல், இரண்டு சிறு வீடுகளை ஒன்றாக்குதல் போன்ற மாற்றங்களைச் செய்ய நேர்ந்தது. தொன்மைக் காவலர்கள் சிலர் இதை விரும்பவில்லை. என்னைக் கேட்டால், மூட்டுவலிக்காரர் ஏறி வர மின் தூக்கி வைத்த பழைய வீடு, ஆளில்லாத தூய பழைய வீட்டைவிட மேலானது என்பேன்.

இன்னொரு புதுமையும் நிகழ்ந்தது. வீடுகள் மிகுதியாகி ஆட்கள் குறைந்தபடியால், 2002 முதல் கிழக்கு ஜெர்மனியில் உபரிக் குடியிருப்புகளை இடிக்க அரசே பணம் கொடுத்தது. இடிபட்டவை பெரும்பாலும் ஊருக்கு வெளியே இருந்த கான்கிரீட் அடுக்குகள். ஒரு காலத்தில் வெந்நீருக்காக ஓடிச் சென்ற மக்களின் இளமையெல்லாம் அங்கேதான் கழிந்திருந்தது. ஐந்நூறு ஆண்டு வீடு மரபு என்றால், முப்பது ஆண்டு வீட்டில் பிறந்து வளர்ந்தவனுக்கு அது என்ன? இதற்கு நான் விடை சொல்லப் போவதில்லை. உங்களுள் எவரேனும் நகர அமைப்புக் கலை பயின்றால் எண்ணிப் பாருங்கள்.

மரபு என்பது கண்ணுக்கினிய முகப்புகள் மட்டுமன்று என்பதையும் அந்நகரம் காட்டுகிறது. 1911-இல் எழுந்த யூதர் தொழுகைக் கூடம் அங்கே உள்ளது. 1938 நவம்பரில் நாஜிகள் நாடெங்கும் யூதர் கூடங்களுக்குத் தீ வைத்த இரவில் இங்கும் தீ மூட்டப்பட்டது; தீயணைப்புப் படையினர் அணைத்துவிட்டதால் கட்டடம் பிழைத்தது. ஆனால் அதில் தொழுத சமுதாயம் பிழைக்கவில்லை. நீண்ட காலம் பாழடைந்து கிடந்த அதைப் பல ஆண்டுகள் செப்பனிட்டு, 2021-இல் கலாசார மன்றமாகத் திறந்தனர். பயணிகளைக் கவரும் பட்டியலில் அதையும் சேர்க்கிறார்கள். சேர்க்கட்டும். உள்ளே செல்பவர், காலியான இருக்கைகள் ஏன் காலியாயின என்று கேட்காமல் திரும்ப இயலாது.

ரயில் பெட்டித் தொழிற்சாலை ஆட்சி மாற்றத்துக்குப் பின்னும் பல கை மாறி ஓடிக்கொண்டிருந்தது. 2024-இல் அதன் உரிமையாளர் அதைக் கைவிடுவதாக அறிவித்தனர்; 2025-இல் அதை இராணுவ வாகன நிறுவனம் ஒன்று ஏற்பதற்கு உடன்படிக்கையாயிற்று. பாலம் தகர்ந்த ஊரில் கவச வண்டி உறுப்புகள்! வேலை வேண்டும் என்போர் வரவேற்றனர்; வேறு சிலர் வருந்தினர்.

15 பாகைக் கோட்டைக் குறிக்கும் கல் ஒன்று நைசே ஆற்றங்கரைப் பூங்காவில் நாட்டப்பட்டுள்ளது. அதன் அருகிலேயே 1910-இல் திறந்த இசையரங்கு நிற்கிறது. பெரும் இசை விழாக்களுக்காகக் கட்டிய அவ்வரங்கு, நடத்தப் பணமில்லாமல் 2000-களின் நடுவில் மூடப்பட்டது. அதைச் சீர்ப்படுத்த மத்திய அரசும் மாநில அரசும் நிதி அளிக்க இசைந்தன. ஆனால் கதவு திறந்த பின் ஆண்டுதோறும் ஆகும் செலவை யார் ஏற்பது என்று நகரசபையில் நெடுநாள் விவாதித்தனர். பூங்காவுக்கு வரும் பள்ளிச் சிறுவர்கள் அந்தக் கல்லின் இரு புறமும் கால்களை ஊன்றி நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். ஆற்றுக்கு அப்பால் தெரிவது போலந்து.